ஓடறதா, காகு?

"ஓடலை, ஜம்பு" என்றார் நிவாரண் பாபு.

கொல்கத்தா செக்டர் ஃபைவில் ஆபீஸ் கட்டடத்துக்குக் கீழே இருந்த டீக்கடையில், ஒரு கையில் மண் குவளையும் மறு கையில் போனுமாக நின்றிருந்தான் ஜம்புநாதன். வாயில் இருந்த டீயை விழுங்குவதா துப்புவதா என்று அவனுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை.

"நல்லாப் பார்த்தீங்களா காகு?"

"நீ கேட்டதும்தானே போய்ப் பார்த்தேன். திறந்தேன். இங்கிலீஷ்ல ரெண்டு வரி திட்டுச்சு. மூடிட்டேன்."

போய்ப் பார்த்துச் சொல்ல அவருக்கு எப்போதும் கொஞ்ச நேரம் பிடிக்கும். போனை மேஜையில் வைப்பார். கனமாக எதையோ தரையில் இழுக்கும் சத்தம் கேட்கும். நிவாரண் பாபு மூச்சு வாங்குவார். அவர் மனைவி, அதாவது காகிமா, அவரை ஏதோ திட்டுவாள். அச்சகம் என்றால் காகிதக் கட்டுகள் குறுக்கே கிடக்கும், இழுத்துத்தானே ஆகவேண்டும் என்று ஜம்புநாதன் நினைத்துக்கொள்வான்.

"கவலைப்படாதீங்க. ரெண்டு நாள்ல சரி பண்ணிடறேன்."

"அவசரமே இல்லைப்பா. நீ உடம்பைக் கெடுத்துக்காதே. இதெல்லாம் தேவையா சொல்லு?"

பேச்சு பெங்காலியில் நடந்தது; காகு என்றால் சித்தப்பா. எந்த மொழியில் நடந்திருந்தாலும் ஜம்புநாதன் உருகியிருப்பான். தன் வேலை நின்றுபோயிருக்கிற நேரத்திலும் அடுத்தவன் உடம்பைப் பற்றிக் கவலைப்படுகிற மனிதரை எப்படிக் கைவிட முடியும்?

ஜம்புநாதன் பாலிகஞ்சில் பிறந்து பாலிகஞ்சிலேயே வளர்ந்தவன். கல்லூரி முடித்த வருஷம் 'திதிமாலா' என்று ஒரு லைப்ரரி எழுதினான். லைப்ரரி என்றதும் புத்தக அலமாரியை நினைக்க வேண்டாம். மென்பொருள்காரர்கள் பாஷையில், ஒருவர் எழுதி வைத்ததை மற்றவர்கள் தங்கள் ப்ரோக்ராமில் சேர்த்துக்கொள்வதற்கு அந்தப் பெயர். பக்கத்து வீட்டில் உறை மோர் வாங்கி நம் வீட்டில் தயிர் தோய்ப்பது போல. தேதியையும் ஊரையும் கொடுத்தால் திதி, நட்சத்திரம், சூரிய உதயம் எல்லாவற்றையும் திதிமாலா சொல்லிவிடும். காலண்டர் அடிப்பவர்கள், கல்யாண மண்டபங்கள், பூஜைக் கமிட்டிகள் என்று பலர் அதை நம்பிக் காலம் தள்ளினார்கள். அவன் வேலை பார்க்கிற கம்பெனியின் பஞ்சாங்க ஆப்பும் அதன் தலைமேல்தான் உட்கார்ந்திருந்தது.

ஆனால் முதன்முதலில் நம்பியவர் நிவாரண் பாபு. பவானிபூரில் அவருடைய சிறிய அச்சகம், வருஷா வருஷம் பஞ்சிகா, அதாவது பெங்காலிப் பஞ்சாங்கம், போடும். மீசை சரியாக முளைக்காத ஒரு மதராஸிப் பையன் வந்து, "வங்காளப் பஞ்சிகாவை நான் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுத் தருகிறேன்" என்றபோது, அவர் சிரிக்கவில்லை. அவனையே சாந்தினிச் சந்தைக்கு அழைத்துப்போய் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதில் திதிமாலா முதல் தடவை ஓடிய மத்தியானம், ஜம்புநாதன் உணர்ச்சிவசப்பட்டு அந்தப் பெட்டியின் மேல் கையை வைத்து, "காகு, நான் இருக்கற வரைக்கும் இது இந்தப் பெட்டியில ஓடும்" என்றான். யாரும் அவனிடம் சத்தியம் கேட்கவில்லை. நிவாரண் பாபு, "சரிப்பா" என்று மட்டும் சொன்னார்.

பெட்டி அப்படியே இருந்தது. அதிலிருந்த கணினி மொழியும் அந்தக் காலத்துப் பதிப்பிலேயே நின்றுவிட்டது. உலகம் நிற்கவில்லை. மொழிக்குப் புதுப் புதுப் பதிப்புகள் வந்தன. முன்பு ஒரு பக்கம் எழுதவேண்டியதை இப்போது நாலு வரியில் எழுதலாம். ஜம்புநாதன் இந்தப் புது வசதிகளைப் பார்த்துச் சொக்கிப்போய், திதிமாலாவின் நாலாம் பதிப்பை முழுக்கப் புது நடையில் எழுதினான். அடுத்த வருஷத்துக் கணக்குகள் அதில்தான் இருந்தன. எனவே பழைய பதிப்பையே வைத்துக்கொள்ளுங்கள் என்று காகுவிடம் சொல்லவும் வழியில்லை.

மாடிக்குப் போனதும் மஹிமா பிடித்துக்கொண்டாள். மஹிமா அவனுடைய மேலதிகாரி. துறைமுகத்தில் வேலை பார்த்த தமிழரின் மகள். தமிழ் நன்றாகவே பேசுவாள்.

"ஜம்பு, அந்தப் பழைய வெர்ஷனை இன்னும் எத்தனை பேர் யூஸ் பண்றா?"

"இருக்கா."

"எத்தனை பேர்?"

"ஒரு அச்சகம்."

"அச்சகத்துல எத்தனை மெஷின்?"

"ஒண்ணு" என்றான் ஜம்புநாதன், கொஞ்சம் சத்தத்தைக் குறைத்து.

பக்கத்து மேஜையில் இருந்த ரோஹித் தலையைத் தூக்கினான். போன வருஷம் சேர்ந்தவன்; பெங்காலி வழக்கப்படி அண்ணனுக்கு 'தா' போடுவான். பழசு எதைக் கண்டாலும் அழிக்கும் பட்டனை நோக்கி விரல் போகும். "ஜம்பு-தா, நான் வேணா ஒரே வரில அந்த சப்போர்ட்டைத் தூக்கிடட்டுமா?"

"நீ உன் வேலையைப் பாரு."

முதல் வைத்தியம் எளிமையாகத்தான் இருந்தது. கோப்பின் தலைப்பிலேயே, 'பழைய மொழியாக இருந்தால் கீழே உள்ள புது நடையைப் படிக்காதே' என்று எழுதிவிட்டு காகுவுக்குப் போன் செய்தான்.

"காகு, ஓடறதா?"

மேஜை. இழுக்கும் சத்தம். மூச்சு. காகிமாவின் திட்டு.

"ஓடலை, ஜம்பு."

பழைய மொழிக்கு ஒரு குணம். கோப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டுத்தான் வேலையையே ஆரம்பிக்கும். நடுவில் தெரியாத ஒரு குறியைப் பார்த்தால், தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும், மொத்தத்தையும் தூக்கி எறிந்துவிடும். படிக்காதே என்று சொல்லும் அறிவிப்பைக்கூட அது மதிக்கும் நிலைக்கு வருவதில்லை. இது ஜம்புநாதனுக்குத் தெரியாத விஷயமல்ல. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

இரண்டாவது வைத்தியமாக, திதிமாலாவை இரண்டு பிரதியாக்கினான். ஒன்று புது நடை, ஒன்று பழைய நடை. வாசலில் ஒரு சின்ன ப்ரோக்ராமை வாசல் காக்கும் தர்வான் மாதிரி உட்கார வைத்தான். வருகிறவர் எந்தப் பதிப்பு என்று தர்வான் கேட்பான். புதுசு என்றால் லிஃப்டில் புதுப் பிரதிக்கு. பழசு என்று பட்டியலில் இருந்தால் பின்கட்டுப் படியில் பழைய பிரதிக்கு.

"காகு, ஓடறதா?"

"இப்ப ஓடறது" என்றார் நிவாரண் பாபு. பின்னால் காகிமா, "அப்ப உள்ளே தள்ளட்டுமா?" என்று யாரையோ கேட்பது காதில் விழுந்தது. ஜம்புநாதன் சந்தோஷத்தில் அதைக் கவனிக்கவில்லை.

அந்தச் சந்தோஷம் மறுவாரம் காலைவரை நீடித்தது.

வீட்டில் அவனுடைய மாமனார் வெங்கடநாராயணன் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பாங்க் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏகாதசி தவறாதவர். முந்தின நாள் தன் போனிலிருந்த பஞ்சாங்க ஆப் சொன்னபடி பச்சைத் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டவர், இன்று துவாதசிப் பாரணைக்குத் தயாராக இருந்தார். லேக் மார்க்கெட்டில் தேடிப் பிடித்த அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் இலையில் விழுந்தன. அவர் கை கீரையைத் தொட்டபோது ஜம்புநாதனின் மனைவி ஷியாமளாவின் போன் கிணிங் என்றது.

ஷியாமளா எடுத்துப் படித்தாள். "இன்று ஏகாதசி. விரதம் இருப்போருக்கு எங்கள் வாழ்த்துகள்."

வெங்கடநாராயணன் கையை எடுத்துவிட்டார்.

"அப்பா, நேத்திக்குத்தானே இருந்தே?"

"என் போன் நேத்திக்குன்னது. உன் போன் இன்னிக்குங்கறது. ரெண்டும் மாப்பிள்ளை பண்ணினதுதானே?"

ஜம்புநாதன் இரண்டு போன்களையும் வாங்கிப் பார்த்தான். மாமனாருடையது பழைய போன். தர்வான் அதைப் பின்கட்டுக்கு அனுப்பியிருந்தான். ஷியாமளாவுடையது புதுசு, லிஃப்டில் போயிருந்தது. அவசரத்தில் பழைய பிரதியை எதிலிருந்து எடுத்தோம் என்று யோசித்தபோது அவனுக்கு வேர்த்தது. அது அவனுடைய ஆதி காலத்துக் கையெழுத்துப் பிரதி. கொல்கத்தாவில் சூரியன் சீக்கிரம் உதித்துவிடும் என்பதைச் சேர்ப்பதற்கு முன்னால் எழுதியது. பழைய பிரதி இன்னும் சென்னைச் சூரியனையே நம்பிக்கொண்டிருந்தது.

"இது பக் மாமா. சின்னத் தப்பு. நேத்தியே முடிஞ்சுடுத்துன்னு வெச்சுக்கோங்கோ. நீங்க சாப்பிடுங்கோ."

"பகவான் விஷயத்துல உங்க வார்த்தையை நம்பிச் சாப்பிட முடியுமா? சந்தேகம்னு வந்தா ரெண்டு நாளும் இருந்துடணும்" என்று எழுந்துவிட்டார் வெங்கடநாராயணன். வாசற்படி வரை போய்த் திரும்பினார். "மாப்பிளே, ஸ்மார்த்தாளுக்கு ஒரு நாள், வைஷ்ணவாளுக்கு மறுநாள்னு கேள்விப்பட்டிருக்கேன். உங்க சாஃப்ட்வேர் என்னை ரெண்டு பேராவும் ஆக்கிடுத்து."

கீரை இலையிலேயே ஆறியது. ஷியாமளா, தான் வேலை பார்க்கும் ஸ்கூலுக்குப் போகப் புடவை மாற்றிக்கொண்டாள். 

"சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன்" என்றான் ஜம்புநாதன்.

"நீ சரி பண்ண ஆரம்பிச்சதுலேர்ந்துதான் எங்கப்பா பட்டினி" என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே.

சாயங்காலத்துக்குள் சரி செய்தான். பழைய பிரதியில் சூரியனை முன்னால் தள்ளினான். அந்த ஆவேசத்தில், ஏற்கெனவே சரியாக இருந்த புதுப் பிரதியிலும் ஒரு தடவை தள்ளிவிட்டான். பழைய போன்களில் எல்லாம் நலம். புதுப் போன்களில் கொல்கத்தாவுக்கு இரண்டு தடவை அவசரப்படுத்தப்பட்ட சூரியன் கிடைத்தது.

விளைவு சீக்கிரம் தெரிந்தது. சால்ட் லேக்கில் ஒரு அடுக்ககத்து யோகா குழு, ஆப் எழுப்பிவிட்டதை நம்பி, கும்மிருட்டில் மொட்டை மாடிக்குப் போய்ச் சூரிய நமஸ்காரம் செய்துவிட்டது. சூரியன் வராததால், நாம்தான் சரியாகச் செய்யவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் ஒரு தடவை செய்தார்கள். இரண்டாவது தடவையில் செயலாளருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டில் கிரகப்பிரவேசத்துக்கு அழைத்த பசு தூக்கக் கலக்கத்தில் வாசற்படி ஏற மறுத்துவிட்டதாம். புரோகிதர் ஒருவர் பெங்காலியிலேயே வாழ்த்தி எழுதியிருந்தார். அதை மஹிமா சத்தமாகப் படிக்கவில்லை.

"ஜம்பு, உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தான்.

"நீதான் இதை எழுதினே. உன் குழந்தை. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா மஹாளயா வர்றது. துர்கா பூஜை சமயத்துலதான் ஊர் பூரா நம்ம ஆப்பைப் பார்க்கும். விஸ்வகர்மா பூஜை அன்னிக்கு ஃபைனல் வெர்ஷன் போகணும். அதுக்கப்புறம் ஒரே ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்தாலும், திதிமாலா ரோஹித் கைக்குப் போயிடும்."

"ஒரே ஒண்ணா?"

"ஒண்ணே ஒண்ணு. எங்கேருந்து வந்தாலும் சரி."

ஜம்புநாதன் ரோஹித்தைப் பார்த்தான். ரோஹித் மரியாதையாகக் குனிந்துகொண்டான். ஆனால் அவன் தோளிலேயே சந்தோஷம் தெரிந்தது. திதிமாலா அவன் கைக்குப் போனால் முதல் நாளே பின்கட்டுப் படியை இடித்துவிடுவான். காகு வாசலில் நிற்பார். 'நான் இருக்கற வரைக்கும்' என்று பெட்டியின் மேல் கை வைத்துச் சொன்னவன் என்ன முகத்தோடு பவானிபூர் பக்கம் போவது?  பதினைந்து வருஷமாக வளர்த்ததை ஒருத்தன் கையில் கொடுப்பது ஒரு துக்கம் என்றால், காகுவின் முகத்தைப் பார்ப்பது அதைவிடப் பெரிய துக்கமாக இருந்தது.

கவனமாகவே வேலை செய்தான். சூரியனை இரண்டு பிரதிகளிலிருந்தும் பிடுங்கி, தனியாக ஒரு கோப்பில், இரண்டு மொழிக்கும் புரியும்படி வைத்தான். இனி ஊருக்கு ஒரே சூரியன். ஏகாதசி எல்லாப் போனிலும் ஒரே நாளில் வந்தது. வீட்டில் மாமனாரிடம் இரண்டு போன்களையும் காட்டினான்.

வெங்கடநாராயணன் இரண்டையும் மூக்குக்கு நேராகப் பிடித்து ஒப்பிட்டார். வேட்டி இடுப்பில் ஒரு சுற்று அதிகமாகச் சுற்றியிருந்தது.

"சரியா இருக்கு மாப்பிளே. ஒரு சந்தேகம். போன மாசம் நான் அதிகமா இருந்த ஏகாதசியை அடுத்த மாசத்துல கழிச்சுக்கலாமா?"

"அப்பா" என்றாள் ஷியாமளா. ஆனால் சிரித்துவிட்டாள். பல நாளைக்கு அப்புறம் சிரித்ததால் ஜம்புநாதனுக்கு ஒரு தோசை அதிகமாகக் கிடைத்தது.

மறுநாள் உற்சாகமாகப் போனை எடுத்தான்.

"காகு, ஓடறதா?"

இந்தத் தடவை இழுக்கும் சத்தம் பாதியில் நின்று, ஏதோ விழுந்து, காகிமா, "அதுக்கு ஒரு சக்கரமாவது வெச்சித் தொலைங்க" என்றாள்.

"ஓடலை, ஜம்பு. ஆனா நீ..."

"உடம்பைக் கெடுத்துக்கலை காகு."

சூரியனைப் பிடுங்கியபோது தர்வானின் பட்டியலிலிருந்து காகுவின் பதிப்பும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. பட்டியலில் இல்லாதவரைப் புதுசு என்று நினைத்து, தர்வான் காகுவை லிஃப்டில் ஏற்றிவிட்டான். ஜம்புநாதனுக்கு வந்த கோபத்தில் சட்டத்தையே தலைகீழாக்கினான். புதுப் பதிப்புகளின் பெயர்களைப் பட்டியலிட்டான். அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் மட்டும் லிஃப்டில் போகட்டும். வேறு யார் வந்தாலும், பெயர் தெரியாவிட்டாலும், பின்கட்டுப் படி. இனி எந்தக் கிழவரும் தன் வாசலில் நிற்கமாட்டார்.

ரோஹித் எட்டிப் பார்த்தான். "ஜம்பு-தா, தெரியாதவா எல்லாம் பழசுன்னு எடுத்துக்கறேள். தெரியாதவா புதுசாவும் இருக்கலாமே. மொழியோட அடுத்த வெர்ஷன் போன வாரம்தான் வந்திருக்கு, இந்த லிஸ்டுல அது இல்லையே. அதுக்குப் பழைய நடை சுத்தமாப் புரியாது."

"நம்ம ஆபீஸ்ல யாராவது அதைப் போட்டுண்டிருக்காளா?"

"இல்லை."

"கஸ்டமர் யாராவது?"

"பூஜை முடிஞ்சுதான் போடுவா."

"அப்பறம் என்ன? பூஜை முடிஞ்சதும் சேர்த்துடலாம். போன வாரம் வந்ததை இந்த வாரமே போட்டுக்கறதுக்கு யாருக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு?"

ரோஹித் தன் நாற்காலிக்குத் திரும்பினான்.

விஸ்வகர்மா பூஜை அன்று காலை திதிமாலா வெளியே போனது. நம் ஆயுத பூஜை மாதிரி, செக்டர் ஃபைவில் லிஃப்டுக்கும் ஜெனரேட்டருக்கும்கூட மாலை விழுந்திருந்தது. யாரோ ஆபீஸ் ப்ரின்டருக்குச் சந்தனம் வைத்திருந்தார்கள். ஜம்புநாதன் போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அது அடித்தபோதெல்லாம் நெஞ்சும் கூடவே அடித்தது. ஒரு அழைப்பு கடன் வேண்டுமா என்று கேட்டது. ஒன்று ஷியாமளா, கொத்தமல்லி வாங்கி வரச் சொன்னாள். புகார் ஒன்றுகூட இல்லை. யோகா குழுவின் செயலாளர், முதுகைப் பிடித்துக்கொண்டேயாவது, சூரியனைச் சரியான நேரத்தில் பார்த்ததாக நன்றி எழுதியிருந்தார்.

மத்தியானம் தாண்டியதும் அவனால் உட்கார முடியவில்லை. எப்போதும் போல் போனில் கேட்டால் போதும்தான். ஆனால் இன்று அந்த 'ஓடறது' என்ற வார்த்தையை நேரில் கேட்க ஆசையாக இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் பவானிபூருக்குக் கிளம்பிவிட்டான்.

மொட்டை மாடிகளிலெல்லாம் பட்டம் பறந்துகொண்டிருந்தது. அச்சகத்து வாசலில் விஸ்வகர்மா யானைமேல் உட்கார்ந்திருந்தார். நிவாரண் பாபு புது வேட்டியில் இருந்தார். ஜம்புநாதனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. மறு நொடியே வெளிறியது.

"போன் பண்ணாம வந்துட்டியே?"

"சர்ப்ரைஸ், காகு. பெட்டி எங்கே?"

மூலையில் பெட்டி இருக்கும் மேஜை காலியாக இருந்தது. அதன்மேல் ஒரு தட்டு லட்டு மட்டும் இருந்தது.

"பெட்டியா? அது... பூஜைக்குத் துடைக்க எடுத்துட்டுப் போனாங்க. நீ உக்காரு. லட்டு சாப்பிடு. கண்ணை மூடிட்டுச் சாப்பிட்டா ருசியா இருக்கும்."

உள்ளே போனார். பழகிய அந்த இழுக்கும் சத்தம் கேட்டது. நேரில் கேட்கும்போது இன்னும் பலமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவரும், அச்சுக்கோக்கும் ஆள் ஒருவரும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காகிமா தன் கையால் பூப்பின்னல் போட்ட உறை அதன்மேல் இருந்தது. உறைமேல் ஒரு சிலந்தி வலையும் இருந்தது. நன்றாகத் துடைக்கவில்லை என்று ஜம்புநாதன் நினைத்துக்கொண்டான்.

பெட்டி முனகிக்கொண்டே விழித்தது. திதிமாலாவைப் போட்டான். தர்வான் கேட்டான், பெயர் தெரியவில்லை, பின்கட்டுப் படியைக் காட்டினான். திரையில் அடுத்த வருஷத்துத் திதிகள் வரிசையாக இறங்க ஆரம்பித்தன.

"காகு, ஓடறது" என்றான் ஜம்புநாதன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டான்.

நிவாரண் பாபுவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் துடைத்தது வியர்வையையும் சேர்த்து.

அப்போது போன் அடித்தது. மஹிமா.

"ஜம்பு, இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெய்ன்ட்கூட இல்லை. நம்பவே முடியலை. திதிமாலா உன்னுதுதான். ரோஹித் கிட்டயும் சொல்லிட்டேன். அந்தப் பழைய மெஷின் என்ன ஆச்சு?"

"அதுலயும் ஓடறது. இப்போ அங்கேதான் இருக்கேன். காகு பக்கத்துலதான் நிக்கறார்."

"ஸ்பீக்கர்ல போடு. உன் காகு வாயால கேட்டுக்கறேன்" என்றாள் மஹிமா. ஸ்பீக்கரில் பெங்காலிக்கு மாறினாள். "நமஸ்காரம் காகு. ஓடறதா?"

நிவாரண் பாபு பொய் சொல்லாதவர். பெட்டியை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டார். "இதுல ஓடறதும்மா" என்றார்.

"ரொம்ப சந்தோஷம். வேற ஏதாவது குறை உண்டா?"

நிவாரண் பாபு விஸ்வகர்மாவைப் பார்த்தார். உள் கதவைப் பார்த்தார். இருந்த சந்தோஷத்தில் ஜம்புநாதன் அதையெல்லாம் கவனிக்கவில்லை. பெட்டியின் மேல் கையை வைத்து, "காகு, இப்பவும் சொல்றேன், நான் இருக்கற வரைக்கும் திதிமாலா உங்க கம்ப்யூட்டர்ல ஓடும்" என்றான்.

எங்கோ ஒரு பட்டம் அறுந்தது. மாடியெல்லாம் "போ காட்டா" என்று, அறுத்துவிட்ட பெருமையில், கூவியது.

உள் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, ஒரு கையில் கிச்சுடித் தட்டோடு, மறு கையால் இடுப்பைப் பிடித்தபடி காகிமா வந்தாள். தட்டை அவன் முன்னால் வைத்தாள். போனில் ஒருத்தி காத்திருப்பது அவளுக்குத் தெரியாது.

"ஜம்பு, உன் மனசு நோகக் கூடாதுன்னு நீ கேக்கறப்பல்லாம் இந்தக் கிழட்டுப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலேர்ந்து இழுத்து இழுத்து என் இடுப்பு போனது போகட்டும், மூணு வருஷமா நாங்க வேலை பாக்கற புது கம்ப்யூட்டர் உள்ளே இருக்கு, பூஜைக்குன்னு நேத்திக்குத்தான் அதுல எல்லாத்தையும் புத்தம்புதுசா மாத்தினோம், இன்னிக்குக் காலையிலேர்ந்து அதுல உன் திதிமாலா ஓடலை."